நால்வர் எண்மராகும்போது: கேம் தயாரிப்புக் குழுக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சொந்தமாக வீடியோ கேம் தயாரிக்கும் சிறு குழுக்கள் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலானவை ஆள் சேர்ப்பதையும் அதன் பிறகு வரும் தலைவலிகளையும் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். இரண்டு புரோகிராமர், ஓர் ஓவியர், டிசைனையும் ஒலியையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர். முதல் கேம் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஓரளவு விற்றது. கையில் 240,000 வெள்ளி இருக்கிறது. அடுத்த கேமை 12 மாதத்தில் முடிக்க வேண்டும். ஒரே மூச்சில் இன்னும் நான்கு பேரை எடுத்துவிடலாமா ஐயா?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

வேண்டாம். ஒருவரை எடுங்கள். அவர் காலூன்றிய பிறகு அடுத்தவரைப் பற்றி யோசிக்கலாம். ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம்.

மாதம் 4,500 வெள்ளிச் சம்பளத்துக்கு ஒருவரை எடுத்தால் உங்கள் செலவு 4,500 அல்ல. 5,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு, அதாவது 585 வெள்ளி. சொக்சோவும் (சமூகப் பாதுகாப்பு) இஐஎஸ்சும் (வேலையிழப்புக் காப்பீடு) சேர்ந்து இன்னொரு 85, 90 வெள்ளி. ஆக ஒரு தலைக்கு 5,170 வெள்ளி. நான்கு பேருக்கு 20,680. நீங்கள் நால்வரும் ஆளுக்கு 3,000 மட்டும் எடுத்துக்கொண்டாலும் இபிஎஃப் முதலான சந்தாக்களோடு சுமார் 13,800 ஆகிவிடும். வாடகை, மின்சாரம், இணையம், மென்பொருள், கணக்காளர், கம்பெனிச் செயலாளர் எல்லாவற்றுக்கும் 3,000 என்று குறைத்தே வைப்போம். மாதச் செலவு 37,480 வெள்ளி. புதியவர்களுக்குக் கணினி, திரை, நாற்காலி என்று ஆளுக்கு 7,000 போட்டால் முதல் வாரத்திலேயே 28,000 கழன்றுவிடும். மீதமுள்ள 212,000 ஐந்தரை மாதத்தைச் சற்றே தாண்டும். 12 மாத வேலைக்குப் பாதிப் பணம்கூட இல்லை.

ஒருவரை மட்டும் எடுத்தால் மாதச் செலவு 21,970. பத்தரை மாதம் ஓடும். யாரையும் எடுக்காவிட்டால் 14 மாதம். ஒருவரை எடுத்தாலே 12 மாதம் எட்டவில்லை, பார்த்தீர்களா? அப்படியானால் கேமின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது வெளிவேலை ஏதாவது செய்து இரண்டு மாதச் செலவைத் தேட வேண்டும். வெளியான மறுநாளே பணம் வந்துவிடும் என்றும் கணக்குப் போடாதீர்கள். ஜூன் 10ஆம் தேதி வெளியிட்டால், ஜூன் விற்பனைக்கான பணத்தை ஸ்டீம் ஜூலை இறுதியில்தான் அனுப்பும். ஆகவே வெளியீட்டு நாளுக்குப் பிறகும் இரண்டு மாதச் செலவு வங்கியில் இருக்க வேண்டும்.

பணம் ஒரு பக்கம். இன்னொன்று பேச்சு. நான்கு பேர் என்றால் ஒருவரோடொருவர் பேச வேண்டிய இணைகள் ஆறு. எட்டுப் பேர் என்றால் 28. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து 'அந்தக் கதவு பூட்டியிருக்கட்டும்' என்று சொல்லி முடித்த வேலையை இனி எழுதி வைத்தாக வேண்டும். எழுதாமல் விட்டால் இருவர் இரண்டு விதமாகக் கதவு செய்வார்கள். அதோடு, புதியவர் வந்த முதல் மூன்று நான்கு வாரங்கள் பழையவர் ஒருவரின் நேரத்தில் பாதி அவருக்கே போகும். நான்கு பேர் ஒரே நாளில் வந்தால் உங்கள் நால்வரின் வேலையும் பாதியாகும். ஏற்கெனவே தாமதமான கேமில் ஆள் சேர்ப்பது அதை மேலும் தாமதமாக்குவது இதனால்தான்.

யாரை எடுப்பது? எங்கே வேலை தேங்குகிறது என்று பாருங்கள். இரண்டு வாரம் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே 'யாருக்காகக் காத்திருக்கிறது' என்று ஒரு பத்தி போடுங்கள். பத்து வேலை ஓவியருக்காகக் காத்திருந்து, புரோகிராமருக்காக இரண்டே காத்திருந்தால், மூன்றாவது புரோகிராமர் வந்து செய்யப்போவது ஒன்றுமில்லை. சிறு குழுக்கள் பழக்கதோஷத்தில் புரோகிராமரையே தேடும். உண்மையில் பல குழுக்களுக்கு முதலில் தேவைப்படுவது வேலையைப் பிரித்துத் தந்து, தேதியைப் பிடித்து, பில்டை (ஓட்டிப் பார்க்கத் தயாரான கேமை) சோதித்துப் பார்க்கும் ஒருவர்தான். பெரிய ஸ்டூடியோக்களில் புரொட்யூசர் என்றும் கியூஏ (தரச் சோதனையாளர்) என்றும் இரண்டு ஆளாக இருப்பது உங்களிடம் ஓராளாக இருக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இபிஎஃப், சொக்சோ, இஐஎஸ், மாத வரிப் பிடித்தம் எல்லாம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியவை. மலேசிய ஊழியர்கள் 10 பேரை எட்டினால் மனிதவள மேம்பாட்டு நிதிக்கு எச்ஆர்டி கோர்ப் வசூலிக்கும் 1 விழுக்காடு லெவியும் சேரும். அந்தப் பணத்தைப் பயிற்சிக்குத் திரும்பப் பெறலாம் என்பதால் அது முழுச் செலவு இல்லை. ஆனாலும் கையிருப்புக் கணக்கில் அதற்கும் இடம் வேண்டும்.

கேள்வி: யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் வேலை செய்கிறோம். மூன்று பேராக இருந்தவரை பிரச்சினையில்லை. ஆறு பேரான பிறகு வாரம் ஒருமுறையாவது யாரோ ஒருவர் செய்த சீன் வேலை காணாமல் போகிறது. கோப்புகளைப் பகிரவும் மாற்றங்களைப் பதியவும் கிட்தான் பயன்படுத்துகிறோம். சண்டையே வந்துவிடும் போலிருக்கிறது.
— வாசகி, பாயான் லெப்பாஸ்

நடப்பது பெரும்பாலும் இதுதான். காலை பதினொரு மணிக்கு ஓவியர் கேமின் முதல் நிலையின் (லெவலின்) சீனைத் திறந்து விளக்குகளை நகர்த்துகிறார். அதே நேரத்தில் புரோகிராமர் அதே சீனில் கதவின் டிரிகரை (கதவை இயக்கும் தூண்டுதலை) மாற்றுகிறார். இருவரும் சேமிக்கிறார்கள். ஓவியர் முதலில் அனுப்பிவிட்டார். புரோகிராமருக்குக் கான்ஃபிளிக்ட், அதாவது இரண்டு மாற்றங்களும் மோதுகின்றன என்ற அறிவிப்பு, வருகிறது. யூனிட்டி சீன் பல ஆயிரம் வரி கொண்ட கோப்பு. அதைக் கண்ணால் படித்துப் பிரிக்க யாராலும் முடியாது. 'என்னுடையதையே வை' என்று அழுத்திவிடுகிறார். ஓவியரின் விளக்குகள் போயே போச்சு. அவர் மேல் தவறில்லை, இவர் மேலும் தவறில்லை. இரண்டு பேர் ஒரே சீனைத் திறக்க வேண்டியிருந்ததுதான் தவறு.

முதலில் அமைப்புகளைச் சரிபாருங்கள். புராஜெக்ட் செட்டிங்ஸில் அசெட் சீரியலைசேஷன் 'ஃபோர்ஸ் டெக்ஸ்ட்' என்றும், மெட்டா கோப்புகள் 'விசிபிள்' என்றும் இருக்க வேண்டும். லைப்ரரி, டெம்ப், லாக்ஸ், ஆப்ஜ் கோப்புறைகள் கிட்டுக்குள் போகவே கூடாது. படம், ஒலி, மாடல் கோப்புகள் எல்லாம் எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளுக்கான கிட்டின் நீட்சி) வழியாகப் போக வேண்டும். கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை வாங்காது. தப்பித்தவறி வரலாற்றுக்குள் புகுந்துவிட்ட பெரிய கோப்பைப் பிறகு அழித்தாலும் அது வரலாற்றில் இருந்துகொண்டேதான் இருக்கும். எல்எஃப்எஸ்ஸை முதல் நாளே வைக்கச் சொல்வது அதனால்தான்.

அடுத்தது மெட்டா கோப்பு. ஒவ்வொரு அசெட்டுக்கும் (படம், ஒலி, மாடல், ஸ்கிரிப்ட்) யூனிட்டி ஓர் அடையாள எண் தந்து, அதை மெட்டா கோப்பில் வைக்கிறது. சீன் அந்த எண்ணை வைத்துத்தான் படத்தையும் ஸ்கிரிப்டையும் தேடும். யாராவது படத்தை மட்டும் கிட்டில் பதிந்து (கமிட் செய்து) மெட்டாவை விட்டுவிட்டால், அடுத்தவர் கணினியில் யூனிட்டி புது எண் உருவாக்கிக்கொள்ளும். இணைப்பெல்லாம் அறுந்து 'மிஸ்ஸிங்' என்று நிற்கும். விண்டோஸ் கோப்புறையில் போய்ப் பெயர் மாற்றினாலும் இதே கதிதான், மெட்டா பழைய பெயரிலேயே தங்கிவிடும். பெயர் மாற்றுவதும் நகர்த்துவதும் யூனிட்டிக்குள்ளேயே நடக்கட்டும்.

இனி முக்கியமான மாற்றம். ஒரு நிலையை ஒரே சீனாக வைக்காதீர்கள். தரையும் கட்டடங்களும் ஒரு சீன், விளக்குகள் ஒரு சீன், எதிரிகளும் டிரிகர்களும் ஒரு சீன், ஒலி ஒரு சீன். நான்கையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடிட்டிவ் முறையில் ஏற்றுங்கள். மீண்டும் மீண்டும் வரும் பொருள் எதுவானாலும் பிரீஃபேப் (ஒருமுறை செய்து பல இடங்களில் வைக்கும் அச்சு) ஆக்கிவிடுங்கள். கதவை மாற்ற வேண்டியவர் கதவுப் பிரீஃபேப்பை மட்டும் திறப்பார், சீனைத் தொட மாட்டார். யூனிட்டியோடு வரும் ஒய்ஏஎம்எல் மெர்ஜ் கருவியைக் கிட்டுடன் இணைத்தால் சிறிய மோதல்களை அதுவே தீர்த்துவிடும். பெரிய மோதல்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

படம், மாடல் போன்ற பைனரிக் கோப்புகளை (வரிவரியாகப் படிக்க முடியாதவற்றை) எந்தக் கருவியாலும் ஒன்றிணைக்க முடியாது. அவற்றுக்கு எல்எஃப்எஸ் லாக் போடுங்கள். பூட்டியவர் விடுவிக்கும்வரை மற்றவர் அனுப்ப முடியாது. பூட்டிவிட்டு லீவில் போகிறவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். பூட்டைத் திறக்கும் உரிமை இன்னொருவருக்கும் இருக்கட்டும். அன்ரியல் எஞ்சினில் வேலை செய்யும் வாசகர்களுக்கு: அங்கே அசெட் எல்லாமே பைனரி, ஆகவே லாக் இல்லாமல் பிழைக்க முடியாது. கிட்டைப் போலவே மாற்றங்களைப் பதியும் பெர்ஃபோர்ஸ் ஐந்து பேர்வரை இலவசம், ஆறாவது ஆள் வந்ததும் கட்டணம் தொடங்கும். ஆள் எடுக்கும் மாதத்தில் இந்தச் செலவும் சேர்ந்து வருவது பலருக்குத் தெரிவதில்லை.

எல்லோரிடமும் யூனிட்டியின் ஒரே பதிப்பு, கடைசி எண்வரை அதே, இருக்க வேண்டும். ஒருவர் ஆர்வத்தில் புதிய பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால் மற்ற ஐந்து பேரும் மாட்டிக்கொள்வார்கள். கடைசியாக, ஒரு பழைய கணினியை ஒதுக்கி, இரவு இரண்டு மணிக்குத் தானே பில்ட் எடுக்கும்படி வையுங்கள். காலையில் பில்ட் உடைந்திருந்தால் அதைச் சரிசெய்வதுதான் அன்றைய முதல் வேலை, யார் உடைத்தது என்ற விசாரணை அல்ல.

கேள்வி: சோதித்துப் பார்க்கத் தம்பி, தங்கை, நண்பர்கள் இருக்கிறார்கள். தனியாக டெஸ்டர் தேவையா?
— வாசகர், கிள்ளான்

அவர்கள் 'நல்லா இருக்கு அண்ணே' என்பார்கள். அதை வைத்து எதையும் திருத்த முடியாது. பிழை அறிக்கைக்கு வேண்டியது நான்கே விவரம்: எந்தப் பில்ட் எண், என்னென்ன செய்தபோது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. இதோடு திரைப்பதிவு ஒன்று. நண்பர்களை வேறு வேலைக்குப் பயன்படுத்துங்கள். கேமைப் பார்த்தேயிராத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பாருங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று எழுதுங்கள். ஒருவரை ஒருமுறைதான் அப்படிப் பயன்படுத்த முடியும், ஆகவே எல்லா நண்பர்களையும் முதல் மாதத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். குழுவில் உள்ள மிகப் பழைய மடிக்கணினியையும் தூக்கி எறிய வேண்டாம், சோதனைக்கு அதுதான் வேண்டும்.

கேள்வி: எங்கள் குழுவின் சிறந்த புரோகிராமரை லீட் (புரோகிராமர்களின் தலைவர்) ஆக்கினோம். இப்போது அவரும் வேலை செய்ய முடியவில்லை, கீழே உள்ள மூவரும் அவருக்காகக் காத்திருக்கிறார்கள்.
— வாசகி, சுபாங் ஜெயா

அவர் இரண்டு வேலை பார்க்கிறார், உங்கள் திட்டத்தில் அது ஒரு வேலையாக இருக்கிறது. மூன்று பேரைக் கவனிப்பவரின் வாரத்தில் ஏறக்குறைய பாதி நேரம் அதற்கே போகும்: மற்றவர் நிரலைப் படித்துப் பார்க்க, வேலையைப் பிரித்துத் தர, டிசைனரோடு பேச. மீதிப் பாதிக்குத்தான் அவருக்கு நிரல் வேலை கொடுக்க வேண்டும். அதுவும் மற்றவர் யாரும் காத்திருக்காத வேலையாக. சேவ் சிஸ்டம், இன்வென்டரி மாதிரி எல்லோரும் அதன் மேல் கட்ட வேண்டியவற்றை அவரிடம் வைத்தால் குழுவே நின்றுபோகும். கருவி எழுதுதல், பிழை திருத்தம், வேகத்தைக் கூட்டுதல் இவை அவருக்குச் சரி.

மூவரின் நிரலையும் அவர் ஒருவரே பார்க்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிடுங்கள். மூவரும் மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். லீட்டின் கண் படவேண்டிய இடங்கள் சிலவே: சேவ் கோப்பு, நெட்வொர்க், பணம் சம்பந்தப்பட்டவை.

அவருக்கே லீட் வேலை பிடிக்கவில்லை என்றால் சம்பளத்தைக் குறைக்காமல் பழைய வேலைக்குத் திரும்ப வழி வையுங்கள். லீட் ஆனால்தான் சம்பளம் ஏறும் என்று வைத்துவிட்டு, நல்ல புரோகிராமர் மோசமான மேலாளர் ஆகிவிட்டார் என்று வருந்துவதில் பயனில்லை.

இதோடு ஒட்டிய ஒரு சோதனை. உங்கள் குழுவில் யார் இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தால் வேலை நிற்கும்? அந்தப் பெயர் உடனே நினைவுக்கு வந்தால், அவர் தலையில் மட்டும் இருப்பதை இந்த மாதமே எழுதுங்கள். பில்ட் எடுப்பது எப்படி, ஸ்டீமில் ஏற்றுவது எப்படி, கடவுச்சொல் எங்கே, ஆண்ட்ராய்டுக்கான கையொப்பக் கோப்பு எங்கே. எழுதியது சரிதானா என்று பார்க்கப் புதியவர் வரும் நாள்தான் நல்ல நாள். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அரை நாளில் அவர் கணினியில் கேம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் தாளைத் திருத்துங்கள்.

கேள்வி: இசைக்கும் சில ஓவியங்களுக்கும் வெளியாட்களை வைத்துக்கொள்கிறோம். ஒருவர் இந்தோனேசியாவில், ஒருவர் சென்னையில். வாட்ஸ்அப்பில் பேசி முடிவு செய்தோம். இது போதுமா?
— வாசகர், ஜோர்ஜ்டவுன்

போதாது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்கே சேரும். காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலைக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பதிப்புரிமை செய்யச் சொன்னவருக்கே போகிறது. இதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். உங்கள் இசைக்கலைஞர் வேறு நாட்டில் இருக்கிறார், அங்கே சட்டம் வேறு. பிற்பாடு ஒரு பதிப்பாளர் உங்கள் கேமை எடுக்க வந்தால் அவருடைய வழக்கறிஞர் கேட்கும் முதல் காகிதமே இதுதான். பதிப்புரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

இரண்டு பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை துண்டு, எத்தனை முறை திருத்தம் இலவசம், எந்த நாணயத்தில் காசு, முழுத் தொகை கட்டியதும் உரிமை முழுவதும் கம்பெனிக்கு வரும் என்ற வரி. இசைக்கலைஞர் தன் பாடலைத் தனியாக ஆல்பமாக விற்கலாமா, யூடியூபில் உரிமைக் கோரிக்கை போடலாமா என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கேமை நேரலையில் காட்டும் யூடியூபர் மீது உங்கள் இசைக்கே கோரிக்கை விழும்.

காசை 30, 40, 30 என்று மூன்று தவணையாகக் கொடுப்பது இருவருக்கும் நல்லது. கடைசித் தவணைக்கு முன் மூலக் கோப்புகளை வாங்கிவிடுங்கள்: லேயரோடு ஃபோட்டோஷாப் கோப்பு, பிளெண்டர் கோப்பு, இசையில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக. இறுதிப் படம் மட்டும் இருந்தால் ஆறு மாதம் கழித்துச் சட்டை நிறத்தை மாற்றக்கூட மறுபடி அவரைத்தான் தேட வேண்டும்.

பயிற்சிக்கு வரும் மாணவர்களிடமும் இதே காகிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் ஊழியரா இல்லையா என்பது பிறகு கேள்வியாகலாம்.

கேள்வி: பங்கை நால்வரும் ஆளுக்கு 25 விழுக்காடு என்று பிரித்து சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) பதிவு செய்யப்போகிறோம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?
— வாசகர், செந்தூல்

கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தின் பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. பதிவானதும் 30 நாளுக்குள் கம்பெனிச் செயலாளரை நியமிக்க வேண்டும். அது எளிதான பகுதி.

கஷ்டமான பகுதி, ஒருவர் பாதியில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டால் என்ன என்பது. 25 விழுக்காட்டையும் கையோடு கொண்டுபோனால், மீதி மூவரும் அவருக்காக உழைப்பார்கள், புதியவருக்குக் கொடுக்கவும் பங்கு இருக்காது. ஆகவே பங்குதாரர் ஒப்பந்தத்தில் பங்கு நான்கு ஆண்டில் மாதம் மாதமாக உறுதியாகும், முதல் ஆண்டுக்குள் போனால் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுங்கள். 20ஆவது மாதத்தில் போனால் 48இல் 20 பங்கு, அதாவது 10.4 விழுக்காடு அவருக்கு. மீதியைப் பெயரளவு விலைக்கு மற்றப் பங்குதாரர்கள் வாங்கிக்கொள்வார்கள். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று யாராவது சொன்னால், நண்பர்களாக இருக்கும்போதே கையெழுத்துப் போடுவதுதான் வசதி என்று சொல்லுங்கள். கம்பெனிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இதைப் பார்த்துத் தருவது அவசியம்.

கேள்வி: ஒரு வெளிநாட்டுப் பதிப்பாளர் 60,000 அமெரிக்க டாலர் தருவதாகச் சொல்கிறார். 'போட்ட பணம் திரும்பியதும் 50–50' என்கிறார். அதை நம்பி மூன்று பேரை எடுக்கலாமா?
— வாசகர், சைபர்ஜெயா

'திரும்பியதும்' என்றால் எதிலிருந்து திரும்புகிறது? இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடைகளின் பங்கும் வரியும் போக 100,000 டாலர் வருகிறது என்று வையுங்கள். மொத்தத்திலிருந்து முதலில் 60,000ஐ எடுத்துக்கொண்டு மீதி 40,000ஐப் பிரித்தால் உங்களுக்கு 20,000. ஆனால் உங்கள் பங்கிலிருந்து மட்டும் 60,000ஐக் கழிப்பதாக ஒப்பந்தம் சொன்னால், உங்கள் பங்கு 50,000, அது முழுவதும் அவருக்கே போகும், உங்களுக்குச் சல்லிக்காசு வராது. இன்னும் 10,000 பாக்கி வேறு. இரண்டு ஒப்பந்தத்திலும் '50–50' என்றுதான் இருக்கும். விளம்பரம், மொழிபெயர்ப்பு, கன்சோலுக்கு மாற்றும் செலவும் அந்த 60,000ஓடு சேருமா, சேர்ந்தால் உச்சவரம்பு உண்டா என்றும் கேளுங்கள்.

அடுத்தது பணம் வரும் வேகம். 60,000 ஒரே நாளில் வராது, மைல்கல் முடிக்க முடிக்க வரும். நீங்கள் பில்டை அனுப்பி, அவர்கள் பார்த்து, ஒப்புக்கொண்டு, இன்வாய்ஸ் போய், 30 நாள் கழித்துப் பணம். நடுவில் 'இந்த நிலை இன்னும் கொஞ்சம்' என்று ஒருமுறை திருப்பி அனுப்பினால் இரண்டு மாதம் சம்பளம் உங்கள் கையிலிருந்து. 10 வேலை நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்ற வரியைச் சேர்க்கப் பாருங்கள். முதல் தவணை கையெழுத்தானதும் வர வேண்டும், வேலை முடிந்து அல்ல. மூன்று பேரையும் ஒப்பந்தக் கால அளவுக்கே எடுங்கள், அதை அவர்களிடம் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள்.

வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அமெரிக்காவோடு மலேசியாவுக்கு முழு வருமான வரி உடன்படிக்கை கிடையாது. ஆகவே ஸ்டீமில் அமெரிக்காவில் நடக்கும் விற்பனையில் உங்கள் பங்கிலிருந்து 30 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். உதாரணம்: ரீஃபண்டும் விற்பனை வரியும் போக 10,000 டாலர். ஸ்டீமின் 30 விழுக்காடு போக 7,000. அதில் நாற்பது விழுக்காடு அமெரிக்க விற்பனை என்றால் 2,800, அதில் 30 விழுக்காடு 840. கைக்கு வருவது 6,160. உடன்படிக்கை உள்ள நாட்டுக் குழுவின் வரவுசெலவுக் கணக்கை இணையத்தில் பார்த்து அப்படியே நகல் எடுத்தால் இந்த 840 விடுபட்டுவிடும். பிடித்ததற்கான படிவத்தைப் பத்திரமாக வைத்து வரி ஆலோசகரிடம் காட்டுங்கள்.

மலேசிய மின்னியல் பொருளாதாரக் கழகமான எம்டெக்கின் மின்னியல் உள்ளடக்க மானியங்களையும் ஒரு கண் பாருங்கள். மானியத்துக்குப் பங்கு கேட்க மாட்டார்கள். ஆனால் அதுவும் தவணையாகத்தான் வரும், கணக்குக் காட்ட வேண்டும். விண்ணப்பம் திறக்கும் நேரமும் உங்கள் வசதிக்கு இருக்காது. சம்பளத்தை மானியத்தை நம்பி வைக்காதீர்கள்.

கேள்வி: நல்ல ஆட்கள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஓராண்டில் பெரிய ஸ்டூடியோவுக்குப் போய்விடுகிறார்கள்.
— வாசகர், செர்டாங்

கோலாலம்பூர் வட்டாரத்தில் லாரியன், பிளேஸ்டேஷன் ஸ்டூடியோஸ், லெமன் ஸ்கை போன்ற பெரிய ஸ்டூடியோக்கள் உங்களுக்குப் போட்டி. பினாங்கு வாசகர்களுக்கு இன்னொரு போட்டி, பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகள். சம்பளத்தில் அவர்களை வெல்ல முடியாது. அங்கே மூன்றாண்டு பாறையும் மரமும் மட்டும் செய்பவர் உங்களிடம் ஒரு நிலை முழுவதையும் தன் பெயரில் செய்யலாம். அதைத்தான் நீங்கள் விற்க முடியும், அதை உண்மையாகவே கொடுக்கவும் வேண்டும். கேமின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில், இடையில் விலகியவருடைய பெயரும் இருக்கட்டும். ஊர் சின்னது, விஷயம் பரவும்.

தேர்வுக்கு: பட்டத்தைவிட முடித்த ஒரு சின்ன கேம் பெரியது. எம்எம்யு, ஏபியு, யூஓடபிள்யூ மலேசியா போன்ற இடங்களின் மாணவர் படைப்புக் காட்சிகளுக்குப் போய்ப் பாருங்கள். எழுத்துத் தேர்வு வேண்டாம். நான்கு மணி நேர வேலை ஒன்றைக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். புரோகிராமருக்கு மூன்று பிழைகள் உள்ள சிறிய புராஜெக்ட். ஓவியருக்கு உங்கள் பாணியில் ஒரு பொருள். விடையை மட்டும் பார்க்காதீர்கள். கோப்புக்கு என்ன பெயர் வைத்தார், லேயர் ஒழுங்காக இருக்கிறதா, புரியாததைக் கேட்டாரா என்று பாருங்கள். ஆறு பேர் குழுவில், கேட்கத் தயங்கும் திறமைசாலி பெரிய ஆபத்து.

பயிற்சி மாணவரை எடுத்தால் நாளுக்கு ஒரு மணி நேரம் யாராவது அவரோடு உட்கார வேண்டும். அந்த நேரம் இல்லையென்றால் எடுக்காமல் இருப்பதே நியாயம்.

கேள்வி: எங்கள் கேமில் தமிழும் இருக்க வேண்டும் என்று ஆசை. யூனிட்டியில் 'கெ', 'கொ' எல்லாம் கொம்பு இடம் மாறி வருகிறது. எழுத்துருவை மாற்றியும் சரியாகவில்லை.
— வாசகி, பட்டர்வொர்த்

எழுத்துரு மேல் குற்றமில்லை. 'கெ' கோப்பில் ககரம் முதலிலும் கொம்பு பிறகும் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது ஷேப்பிங் எஞ்சினின் வேலை. யூனிட்டியில் உரையைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்புரோவுக்கு அது இல்லை, வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். யூனிட்டி 6 வரிசையில் யூஐ டூல்கிட்டுக்கு (மெனு, பட்டன் அமைக்கும் கருவிக்கு) வந்துள்ள அட்வான்ஸ்டு டெக்ஸ்ட் ஜெனரேட்டர் ஷேப்பிங் செய்யும். வேறு கேம் எஞ்சின்களான கோடோ 4உம் அன்ரியலும் ஹார்ஃப்பஸ் என்ற எஞ்சினைப் பயன்படுத்துவதால் அங்கே பிரச்சினையில்லை. எழுத்துகளை முன்கூட்டியே இடம் மாற்றி வைக்கும் குறுக்குவழிகள் இணையத்தில் உண்டு. ஆனால் உரையைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிவரும், இரண்டு பேருக்கு மேல் உரையைத் தொட்டால் குழம்பும்.

உரையாடல் எழுத்தெழுத்தாகத் தோன்றும் உத்தியிலும் கவனம். குறியீடு குறியீடாகக் காட்டினால் 'கி' என்பது முதலில் 'க' என்று தோன்றிப் பிறகு மாறும். முழு எழுத்தாக எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். பட்டன்களில் ஆங்கிலச் சொல்லைப்போல ஒன்றரை மடங்கு இடம் விடுங்கள், மலாய்க்கும் அது உதவும். இதையெல்லாம் மெனு வடிவம் முடிவாவதற்கு முன் ஒரு நாள் சோதித்துவிட்டால் போதும்.

கேள்வி: அக்டோபர் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டுக்கு (வெளிவரவிருக்கும் கேம்களின் டெமோ விழாவுக்கு) டெமோ கொடுக்க வேண்டும். தீபாவளி நெருங்குகிறது. ஆட்களை இரவும் வார இறுதியும் வேலை செய்யச் சொல்லலாமா?
— வாசகர், பூச்சோங்

மாதம் 4,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்குபவருக்குக் கூடுதல் நேரத்துக்குச் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு மணிக்கூலி தர வேண்டும். பொது விடுமுறையில் இன்னும் அதிகம். வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை, கூடுதல் நேரம் மாதம் 104 மணியைத் தாண்டக் கூடாது. 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்குச் சட்டம் அந்தக் கூலியைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மூன்று வாரம் தூங்காதவர் எழுதும் நிரலைத் திருத்த அடுத்த மூன்று வாரம் ஆகும் என்பது சட்டத்தில் இல்லாத கணக்கு.

ஒரு கேம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரே ஒருமுறைதான் கலந்துகொள்ள முடியும். அரைகுறை டெமோவோடு அந்த வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது, பிப்ரவரிக்குத் தள்ளலாம். அப்போது சீனப் புத்தாண்டு எந்த வாரம் வருகிறது, குழுவில் யார் யார் ஊருக்குப் போவார்கள் என்று இன்றே கேட்டு நாட்காட்டியில் போடுங்கள், நோன்புப் பெருநாளையும் சேர்த்து. பல இனத்தவர் உள்ள குழுவில் ஒரு வசதி, எல்லோரும் ஒரே வாரத்தில் காணாமல் போவதில்லை. டெமோ பில்டை ஸ்டீம் பரிசீலிக்கச் சில வேலை நாட்கள் ஆகும், குறை சொல்லித் திருப்பினால் மறுபடி அதே நாட்கள். ஆகவே விழா தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பு புதிதாக எதையும் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, பிழை திருத்தம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.